மலாக்காவை ஒரே நாளில், 100 ரிங்கிட்டுக்குள் பார்க்க முடியுமா?

"நண்பர்கள் இருவர் திருச்சியிலிருந்து முதுகுப்பையோடு கோலாலம்பூர் போகிறோம். ஒரு நாளை மலாக்காவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். செலவு ஆளுக்கு 100 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. நான் சுத்த சைவம். ரயிலில் போவதா, பஸ்ஸிலா? எதைப் பார்ப்பது, எதை விடுவது? ஒரு இரவு தங்குவது அவசியமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

100 ரிங்கிட் போதும். மலாக்காவில் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கோட்டை வாசல் எல்லாம் இலவசம். பழைய ஊரை நடந்தே பார்த்துவிடலாம். பலருக்கும் அந்த ஒரு நாள் சொதப்புவது, எதை முதலில் பார்ப்பது என்கிற வரிசை தப்புவதால்தான். டவுன் பஸ் இறக்கிவிடுவது சிவப்புக் கட்டடங்கள் இருக்கும் டச்சுச் சதுக்கத்தில். இறங்கியதும் அங்கே படம் எடுத்து, வெயில் ஏறும் நேரத்தில் பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கி, களைத்துப்போய் ஆற்றைத் தாண்டிக் கோயிலுக்கு வந்தால் நடை சாத்தியிருக்கும். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். காலையில் ஆற்றுக்கு மேற்கே உள்ள தெருக்கள், சாயங்காலம் குன்று.

முதலில் பயணம். மலாக்கா நகருக்குள் ரயில் வராது. பக்கத்து நிலையம் தம்பின் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்கு இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே பஸ்தான். கோலாலம்பூரில் எல்லோரும் டிபிஎஸ் என்று சொல்லும் தெற்கு முனையத்திலிருந்து ஏற வேண்டும். பண்டார் தாசேக் செலாத்தான் ரயில் நிலையத்தில் இறங்கி மேம்பாலத்தில் நடந்தால் முனையத்துக்குள்ளேயே போய்விடலாம். மலாக்காவுக்கு நாள் முழுக்க வண்டிகள் உண்டு. சுமார் 150 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், கட்டணம் ஏறக்குறைய 15 ரிங்கிட். காலை 7 மணி வண்டியைப் பிடிக்கப் பாருங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்தும் மலாக்காவுக்கு நேர் பஸ் உண்டு. உங்கள் விமானம் விடியற்காலையில் இறங்கினால் தலைநகருக்குள் போகாமலேயே இங்கே வந்துவிடலாம். கட்டணம் மட்டும் கூடுதல்.

இறங்குமிடம் மலாக்கா சென்ட்ரல். அது பழைய ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து டவுன் பஸ் சதுக்கத்துக்குப் போகும், ஓரிரு ரிங்கிட்தான். ஆனால் அது எப்போது வரும் என்று நம்பி நிற்க முடியாது. இருவர் இருக்கிறீர்களே, கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் கிராப் (கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) வண்டி போட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு முன் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்காக அந்தச் சில வெள்ளியைக் கொடுக்கலாம். அங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கடையில் "பத்து வெள்ளி" என்றால் குழம்ப வேண்டாம். சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும், பொதுக் கழிப்பறைகளில் கேட்பார்கள்.

சதுக்கத்தில் நிற்காமல் பாலம் தாண்டி நேராக ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்கு வாருங்கள். பொற்கொல்லர்களின் தெரு. மலாக்காவில் எனக்கு மிகப் பிடித்த சில நூறு அடிகள் இவை. இங்கே இருக்கிறது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். 1781இல், டச்சுக்காரர் ஆட்சியில் அவர்கள் கொடுத்த நிலத்தில், இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் கட்டியது. மலேசியாவில் இன்றும் வழிபாட்டில் உள்ள மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தெருவோடு தெருவாக, ஒரு வீடு போலவே இருக்கும். நிர்வாகம் இப்போது நகரத்தார் கையில். மாசி மகத்துக்கு இங்கிருந்துதான் முருகன் செங் என்ற ஊரில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் புறப்படுகிறார். அந்த நாளில் போக வாய்த்தால் உங்கள் பயணத்தையே அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

கோயிலை விட்டு இறங்கி அதே தெருவில் சில அடி நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் முதலில் மரத்தால் எழுப்பியது, பிறகு செங்கல் கட்டடமானது. குவிமாடம் கிடையாது. மூன்று அடுக்காகக் கூரை சரிந்து இறங்குகிறது. மினாரா சீனத்துப் பகோடா மாதிரி நிற்கிறது. உள்ளே ஐரோப்பியத் தூண்களும் ஓடுகளும். தொழுகை நேரம் தவிர்த்து, கால் கை மூடிய உடையில் போனால் முற்றம் வரை பார்க்கலாம். இன்னும் கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங், 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சீனக் கோயில். கூரை முகட்டில் பீங்கான் துண்டுகளை ஒட்டிச் செய்த பறவைகளையும் பூக்களையும் நிமிர்ந்து பாருங்கள், பலர் ஊதுபத்திப் புகையோடு திரும்பிவிடுகிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

அப்புறம், பெரும்பாலானோர் போகாத ஓர் இடத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும்: காஜா பெராங் சாலையில் உள்ள செட்டிக் குடியிருப்பு, கம்போங் செட்டி. நடந்தால் அரை மணி நேரம் ஆகும். வெயிலாக இருந்தால் வண்டியில் போங்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த தமிழ் வணிகர்கள் இங்கேயே பெண் கட்டித் தங்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் இந்த மலாக்காச் செட்டிகள். நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது மலாய்ப் பாணிக் கெபாயா சட்டையும் சாரோங் கைலியும், வழிபாடு மட்டும் அசல் சைவ சமயம். பொங்கலுக்கு முந்தைய நாள் போகியன்று முன்னோருக்கு இலையில் படைக்கிறார்கள். அதற்குப் பெயர் பார்ச்சு போகி. 1822இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயிலில் நடக்கும் திருவிழாவை டத்தோ சாச்சார் என்கிறார்கள். சாச்சார் என்றால் அம்மை நோய். மொழி மறந்தும் மாரியம்மனை மறக்காத குடும்பங்கள் இவை. ஒரு சிறிய அருங்காட்சியகமும் உண்டு. மக்கள் வாழும் குடியிருப்பு என்பதால் வீட்டு வாசலில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் பஸ் ஏறுமுன் ரொட்டி சானாயும் (பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) சில வெள்ளியில் முடிந்துவிடும். ஆனால் "பருப்பு மட்டும், மீன் கறி ஊற்ற வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரெண்டையும் கலந்து ஊற்றுவது அங்கே வழக்கம். மதியத்துக்கு ஆற்றுக்குக் கிழக்கே லிட்டில் இந்தியா பகுதியில், பெண்டஹாரா, தெமெங்கோங் சாலைகளில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். சைவச் சாப்பாடு 15 வெள்ளியைத் தாண்டாது. சீன, மலாய்ச் சமையல் கலந்த நியோன்யா உணவில் கவனம் தேவை. காய்கறிப் பொரியல் மாதிரி தெரிவதிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். லக்சா என்ற நூடுல்ஸ் குழம்பும் உங்களுக்கு ஆகாது. தேங்காய்ப்பாலில் பனைவெல்லம் ஊற்றிய செண்டோலை மட்டும் தவறவிடாதீர்கள். அந்த வெல்லத்துக்கே குலா மலாக்கா என்றுதான் பெயர். நம் கருப்பட்டிக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடிபடும்.

உச்சிவெயிலைக் கூரைக்கடியில் கழிக்க வேண்டும். கட்டணம் கொடுத்து ஒரே ஒரு இடம் பார்ப்பதென்றால் அது ஜாலான் துன் தான் செங் லோக் தெருவில் உள்ள பாபா நியோன்யா அருங்காட்சியகமாக இருக்கட்டும். இருபது வெள்ளியை ஒட்டி ஆகும். சீனத் தந்தைவழியும் மலாய்ப் பழக்கமும் கலந்த பாபா குடும்பம் ஒன்று தலைமுறைகளாக வாழ்ந்த வீடு அது. முகப்பு குறுகலாக இருக்கும். உள்ளே போனால் வானம் பார்த்த முற்றம், அடுத்த கட்டு, மறுபடி முற்றம் என்று நீண்டுகொண்டே போகும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவருக்கு அந்த முற்றங்கள் ஏன் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. விடலாம் என்று நான் சொல்பவை: தாமிங் சாரி சுழல் கோபுரம், ஆற்றுப் படகு, பூவும் பொம்மையும் ஒட்டிப் பாட்டு அலறவிடும் ரிக்ஷா. மூன்றும் கூடினால் உங்கள் நாள் செலவையே விழுங்கிவிடும். படகு போகும் அதே ஆற்றங்கரையில் நடைபாதை இருக்கிறது.

நாலரை மணிக்குச் சதுக்கம். கிறிஸ்து தேவாலயம் டச்சுக்காரர்கள் 1753இல் கட்டி முடித்தது. உள்ளே உத்தரங்களை அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொன்றும் ஒட்டுப் போடாத ஒற்றை மரம். கதவு சாத்தியிருந்தால் வருத்தப்படாமல் மேலே ஏறுங்கள். சில நிமிடப் படிக்கட்டுதான். உச்சியில் கூரையில்லாமல் நிற்பது செயின்ட் பால் தேவாலயம், போர்த்துகீசியர் 1521இல் கட்டியது. நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் இறந்தபின், 1553இல் அவர் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் சில மாதங்கள் இங்கேதான் வைத்திருந்தார்கள். அந்தக் குழி கம்பித் தடுப்புக்குள் இருக்கிறது. சுவர்களில் சாய்த்து வைத்த டச்சுக் கல்லறைக் கற்களில் எழுத்தையும் குலச் சின்னங்களையும் நின்று பாருங்கள். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் இருப்பவை இதே பாணி. ஒரே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள்தானே இரு கரையிலும் இருந்தார்கள்.

குன்றிலிருந்து தெற்கே பார்த்தால் பெரிய வணிக வளாகங்கள் தெரியும். அங்கெல்லாம் முன்பு கடல் இருந்தது. மண் கொட்டித் தூர்த்துத் தூர்த்து இன்று கரை வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. இது தெரியாமல் கீழே இறங்கினால், ஒரு துறைமுகக் கோட்டை ஏன் ஊர் நடுவில் நிற்கிறது என்று புரியாது. போர்த்தா டி சாந்தியாகோ என்ற அந்த வாசல், 1511இல் ஊரைப் பிடித்த போர்த்துகீசியர் எழுப்பிய கோட்டையில் மிஞ்சிய ஒன்று. மேலே 1670 என்று செதுக்கியவர்கள் பின்னால் வந்த டச்சுக்காரர்கள். 1807இல் பிரிட்டிஷார் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்த வாசல் தப்பியது.

மழையைக் கணக்கில் வைக்க வேண்டும். பிற்பகலில் அடித்துக்கொண்டு பெய்யும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விடும். குன்றுப் படி வழுக்கும் என்பதால் செருப்பைவிடப் பிடிமானமுள்ள ஷூ நல்லது. திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும், வார நடுவில், ஆற்றுக்கு மேற்கே உள்ள ஜொங்கர் என்ற கடைத்தெருவின் கடைகள் சிலவும் அப்படியே. மலேசியா கேட்கும் டிஜிட்டல் வருகை அட்டையை, விமானம் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் அரசின் தளத்தில் நிரப்புங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, கணக்கு. போகவர பஸ் 30, ஊருக்குள் வண்டிக்கு உங்கள் பங்கு 15, மூன்று வேளைச் சாப்பாடும் செண்டோலும் தண்ணீரும் 30, அருங்காட்சியகம் 20 சொச்சம். 100க்குள் நிற்கும், அதிலும் டவுன் பஸ் கிடைத்தால் மிச்சம்.

தங்குவது அவசியமா என்றால், அது கிழமையைப் பொறுத்தது. திங்கள் முதல் வியாழன் வரை போகிறீர்கள் என்றால் தங்க வேண்டாம், இரவு எட்டு மணிக்குள் கிளம்பும் வண்டியில் திரும்பிவிடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஜொங்கர் தெருவில் இரவுச் சந்தை கூடும். அன்று ஆற்றங்கரையும் விளக்கோடு உயிர்த்திருக்கும். அதற்காகத் தங்கலாம். பொதுப்படுக்கை விடுதிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஞாயிறு மாலை மட்டும் திரும்புவதைத் தவிருங்கள். கோலாலம்பூர் நோக்கிய நெடுஞ்சாலை அடைத்துக்கொள்ளும், பஸ் டிக்கெட்டும் தீர்ந்துபோகும். வேறு வழியில்லை என்றால், காலையில் மலாக்கா சென்ட்ரலில் இறங்கிய கையோடு திரும்பும் டிக்கெட்டை வாங்கி வைத்துவிட்டு ஊருக்குள் போங்கள்.