நீலப் பூவும் சிறுத்த பீட்ரூட்டும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஈரோட்டிலிருந்து உதகைக்கு அருகே குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டை ஒட்டிச் சரிவில் நான்கு சென்ட் நிலம். மண் கறுகறுவென்று பொலபொலப்பாக இருக்கிறது. போட்டதெல்லாம் விளையும் என்று நினைத்தோம். பீட்ரூட் நெல்லிக்காய் அளவைத் தாண்டவில்லை. வெட்டினால் உள்ளே கறுப்புப் புள்ளிகள். கேரட் கிளை பிரிகிறது. முட்டைக்கோஸ் இலை ஊதா நிறமாகிறது. வேலியோரத்து ஹைட்ராஞ்சியா மட்டும் நல்ல நீலத்தில் பூத்துக் குலுங்குகிறது. சாணி எரு போதவில்லை என்கிறார்கள். இன்னும் போடலாமா?

சுகந்தி

அன்புள்ள சுகந்தி,

எருவை நிறுத்த வேண்டாம், ஆனால் கூட்டவும் வேண்டாம். உங்கள் மண்ணின் குறை வேறு. அதை உங்கள் ஹைட்ராஞ்சியாவே சொல்லிவிட்டது.

அந்தச் செடி அலுமினியத்தை உறிஞ்சும்போதுதான் நீலமாகப் பூக்கும். மண்ணின் பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கினால்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். நீலகிரியின் மேல்மலை மண் பெரும்பாலும் இப்படிப்பட்ட புளிப்பு மண். மழை காலங்காலமாகச் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விட, இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. ஹைட்ராஞ்சியாவுக்கு அழகு தரும் அதே அலுமினியம் பீட்ரூட்டின் வேர் நுனியைக் கருக்கிக் குட்டையாக்குகிறது. நீங்கள் இடும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்கிறது. கோஸ் இலையின் ஊதா நிறம் பெரும்பாலும் அந்த மணிச்சத்துப் பசிதான்.

சமவெளியில் கறுப்பு மண் என்றால் வளம். இங்கே கறுப்பு என்பது குளிரில் மட்காமல் தேங்கிய இலைதழை. தழைச்சத்து (நைட்ரஜன்) அதற்குள் இருக்கிறது, ஆனால் குளிரும் புளிப்பும் நுண்ணுயிர்களை மந்தமாக்குவதால் மிக மெதுவாகத்தான் வெளிவரும். பசுஞ்சாணத்தை மேலும் கொட்டினால் கேரட்தான் கிளை பிரியும். நன்றாக மட்கிய எரு சென்ட்டுக்கு 100 கிலோ போதும்.

முதலில் மண் பரிசோதனை. வினிகர் ஊற்றி நுரைக்கிறதா என்று பார்ப்பது இங்கே பயன்படாது. அது சுண்ணாம்பு உள்ள மண்ணைத்தான் காட்டும், புளிப்பைக் காட்டாது. எட்டுப் பத்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு 'V' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். எருக்குழி, மரநிழல், சாம்பல் கொட்டிய இடம் வேண்டாம். கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சரிவை வெட்டிப் படியாக்கிய நிலம் என்றால் ஒவ்வொரு படியிலும் உள்பக்கம் தனி மாதிரி, வெளிவிளிம்பு தனி மாதிரி. வெட்டிய பக்கத்தில் மேல்மண் போய்ச் செம்மண் அடித்தளம் தெரியும், நிரப்பிய பக்கத்தில்தான் கறுப்பு மண் குவிந்திருக்கும். பலரும் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, எதற்கும் பொருந்தாத முடிவை வாங்கி வருகிறார்கள்.

பி.ஹெச். 5 அளவில் வந்தால் டோலமைட் தூள் சென்ட்டுக்கு 10 கிலோ. இதில் சுண்ணாம்போடு மக்னீசியமும் கிடைக்கும். கோடை மழைக்கு முன், மார்ச்சில் தூவி அரையடி ஆழம் கொத்திக் கலந்துவிடுங்கள். மேலே தூவிவிட்டு மழையை நம்பினால் அங்கேயே கிடக்கும், கீழே இறங்காது. விதைப்புக்கு ஆறு வாரம் இடைவெளி வேண்டும். எருவோடும் யூரியாவோடும் சேர்த்து இடக்கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மட்கு நிறைந்த மண் எளிதில் மாறாது. ஒரே தடவையில் 6-க்குக் கொண்டுவர நினைத்து முப்பது நாற்பது கிலோ கொட்டாதீர்கள். ஒரு போகம் எடுத்து, மறுபடி சோதித்து, அடுத்த 10 கிலோ.

பீட்ரூட்டின் உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளி போரான் என்ற நுண்சத்துக் குறைவின் அடையாளம். சுண்ணாம்பு இட்டபின் இது இன்னும் கூடும் என்பதால் இப்போதே கவனியுங்கள். சென்ட்டுக்கு 50 கிராம் போராக்ஸை (போரான் உள்ள உப்பு) பத்து லிட்டர் நீரில் கரைத்து, பாத்தி முழுக்கச் சீராகத் தெளியுங்கள், வருடத்துக்கு ஒரே முறை. கை அளவில் அள்ளிப் போட்டால் செடி கருகும், அடுத்து விதைக்கும் பீன்ஸும் தாங்காது.

மணிச்சத்துக்கான சூப்பர் பாஸ்பேட் உரத்தைப் பரவலாக இறைத்தால் அலுமினியத்துக்குத்தான் தீனி. சென்ட்டுக்கு 3 கிலோவை, விதை வரிசைக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில், இரண்டு அங்குலம் ஆழத்தில் கோடாக இடுங்கள். ராக் பாஸ்பேட் கரைவதற்குப் புளிப்பு வேண்டும், சுண்ணாம்பு இட்ட பாத்தியில் அது வீண்.

நான்கு சென்ட்டுக்கும் டோலமைட் வேண்டாம். உருளைக்கிழங்கு போட நினைக்கும் பாத்தியை விட்டுவிடுங்கள், புளிப்பு குறைந்தால் கிழங்கின் தோலில் சொறி வரும். ராக் பாஸ்பேட்டை அங்கே இடலாம். விதைக்கிழங்கை மண் ஒட்டாமல் பார்த்து வாங்குங்கள். வேரில் ஊசித்தலை அளவு பொன்னிற உருண்டைகளாகத் தெரியும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இலேயே நீலகிரியில் கண்டறியப்பட்டது. ஒட்டிய மண்ணோடுதான் அது தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது, மண்வெட்டியையும் கழுவுங்கள். கோஸுக்கு நேர்மாறு. வேர் முண்டு முண்டாக வீங்கும் நோய் புளிப்பு மண்ணில்தான் அதிகம், ஆகவே அதற்கு டோலமைட் இட்ட பாத்தியே நல்லது.

பாத்திகள் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். படியின் தரை சற்று உள்நோக்கிச் சாய்ந்து, சுவரோரம் வடிகால் ஓடினால் நீங்கள் இட்ட சுண்ணாம்பு ஜூன் மழையில் கீழ்வீட்டுக்குப் போகாது.

ஹைட்ராஞ்சியாவிலிருந்து மூன்றடி தள்ளியே டோலமைட்டை நிறுத்துங்கள். வேலியோரப் பூ வெளுத்து இளஞ்சிவப்பாக மாறினால் தூள் அங்கே எட்டிவிட்டது என்று அர்த்தம்.