டவுன் ஹில் ஏறும்போது மட்டும் சூடாகும் கொரோலா

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 2015 கொரோலா குவெஸ்ட் 1.6, மேனுவல் கியர், 1,87,000 கி.மீ. ஓடிய கார். டர்பனுக்குள் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் சூடு ஏறுவதில்லை. விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகும்போது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை விட்டதும் வரும் டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டுகிறது. போன முறை வான் ரீனன் கணவாயில் சிவப்பையே தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தினால் ரிசர்வ் டேங்க் கொதித்து வழிந்தது. மெக்கானிக் ஃபேன் மோட்டாரை மாற்றினார், தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை) கழற்றிவிட்டார். அப்படியும் அதே கதைதான். குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி வருகிறேன். இப்போது ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? வழியில் 93 ஆக்டேன் பெட்ரோல் போடுவதும் காரணமாக இருக்குமா?

பதில்: ரேடியேட்டருக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். அது மோசமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் மலிவான மூன்று வேலைகள் பாக்கி இருக்கின்றன. அதில் இரண்டு, வண்டிக்கு நல்லது என்று நினைத்துச் செய்ததைப் பழையபடி மாற்றுவது.

நீங்கள் சொன்ன குறியே பாதி நோயைக் காட்டிக்கொடுக்கிறது. ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். ஊருக்குள் நன்றாக இருந்து ஏற்றத்தில் மட்டும் சூடேறினால் ஃபேன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வண்டி வெளியேற்ற வேண்டிய மொத்த வெப்பத்தைத் தாங்கும் திறன்தான் குறைந்திருக்கிறது. சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போக 20 கிலோவாட் சக்திகூடத் தேவைப்படாது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய காரை அதே வேகத்தில் மேட்டில் இழுக்க அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வழியாகத்தான் வெளியே போகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டனுக்குள் சாலை ஏறக்குறைய 400 மீட்டர் ஏறிவிடுகிறது. கொஞ்சம் அடைத்த ரேடியேட்டரும் கொஞ்சம் தளர்ந்த மூடியும் டர்பனில் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். டவுன் ஹில்லில் முடியாது.

வான் ரீனன் இதற்கும் ஒரு படி மேல். அங்கே உயரம் 1,600 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு, ஆகவே ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று சுமந்து செல்லும் வெப்பமும் குறைவு. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் எஞ்சினின் தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து, முழுசாகத் திறப்பதே 95-ல்தான். அதாவது அழுத்தம் பிடிக்காத மூடியும் வெறும் தண்ணீரும் சேர்ந்தால், எஞ்சின் தன் வழக்கமான சூட்டில் இருக்கும்போதே அங்கே தண்ணீர் கொதிக்கும். உங்கள் காரில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. கொரோலாவில் ரிசர்வ் டேங்க்குக்கு அழுத்தம் கிடையாது. அழுத்தத்தைப் பிடித்து வைப்பது ரேடியேட்டரின் மேலுள்ள அந்தச் சிறிய உலோக மூடி மட்டும். அது சுமார் 1.1 பார் அழுத்தம் தாங்க வேண்டும். அந்த அழுத்தமும் பாதிக்குப் பாதி கூலண்ட் கலவையும் இருந்தால் கொதிநிலை மலை மேலும் 120 டிகிரிக்கு மேல் போய்விடும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து திருப்பிப் பாருங்கள். கீழ்ப்பக்க ரப்பர் வளையத்தில் ரேடியேட்டர் வாயின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலும், ரப்பர் நகத்தால் அழுத்தினால் குழியாத அளவுக்கு இறுகியிருந்தாலும் அது முடிந்துவிட்டது. நடுவில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதை நகத்தால் இழுத்துவிட்டால் பட்டென்று திரும்பி ஒட்ட வேண்டும். ஆறும்போது ரிசர்வ் டேங்க்கிலிருந்து கூலண்டைத் திரும்ப உறிஞ்சும் வால்வு அதுதான். அது ஒட்டிக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும், டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டருக்குள் மட்டம் இறங்கியிருக்கும். பலர் டேங்க்கை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஒர்க்ஷாப்பில் அழுத்தம் சோதிக்கும் கைப்பம்பு இருக்கும். மூடியை அதில் மாட்டி, 0.9 பாருக்குக் கீழேயே விட்டுக்கொடுத்தால் தூக்கி எறியுங்கள். அதே பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி 1.1 பார் ஏற்றி பத்து நிமிடம் விட்டால் மொத்த அமைப்பில் கசிவு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். புதிய மூடி வாங்கும்போது மேலே அச்சிட்டிருக்கும் அழுத்த எண் பழையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். அதிக எண் உள்ள மூடி அதிகப் பாதுகாப்பு தராது. வயதான பிளாஸ்டிக் டேங்க்கைத்தான் பிளக்கும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாமலும் மேட்டில் சூடேறுகிறது என்பதால் அது குற்றவாளி இல்லை என்று நிரூபணமாகிவிட்டது; அந்த அளவுக்கு மெக்கானிக் செய்தது வீண்போகவில்லை. ஆனால் அப்படியே ஓட்டினால் டர்பன் குளிர்காலத்தில் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி அனுப்பும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடாகும். புதியது வாங்கினாலும் மாட்டும் முன் அடுப்பில் சோதியுங்கள்: பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டர் 95 காட்டும்போது வால்வு 10 மில்லிமீட்டராவது திறந்திருக்க வேண்டும். மாட்டும்போது ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஆணி மேல்பக்கமாக வர வேண்டும். சிக்கிய காற்று வெளியேறும் வழி அது. ரப்பர் வளையம் புதிதாகவே போட வேண்டும்.

மூன்றாவது கூலண்ட். வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதால் உள்ளே இப்போது துருத்தடுப்பு மருந்து என்று சொல்லும்படி எதுவும் மிச்சமிருக்காது. அலுமினியம் அரித்து, உப்புப் படிந்து, அதுவே குழாய்களை அடைக்கும். இன்னொன்று: வான் ரீனனுக்கு அப்பால் ஹாரிஸ்மித்தில் ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். 2024 செப்டம்பரில்கூட அங்கே பனி கொட்டி, நீங்கள் போகும் என்3 நெடுஞ்சாலையையே மூட வேண்டியிருந்தது. வெறும் தண்ணீரோடு அப்படி ஓர் இரவு வழியில் தங்கினால், எஞ்சின் பிளாக் விரிசல் விட்டாலும் ஆச்சரியமில்லை. பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 35 டிகிரி வரை உறையாது.

மாற்றும்போது ஒரு கணக்கு தவறிவிடும். உங்கள் காரில் மொத்தம் ஐந்தரை லிட்டர் வாக்கில் பிடிக்கும்; ரேடியேட்டர் அடியிலுள்ள திருகைத் திறந்தால் அத்தனையும் வெளியே வராது, ஒன்றரை லிட்டர் வரை பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கும். கழுவிய தண்ணீர் உள்ளே தங்கியிருக்க, அதன் மேல் கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். எனவே காய்ச்சி வடித்த தண்ணீரை நிரப்பி, சூடாக்கி, ஆறவிட்டு, வடித்து, வெளியே வருவது தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள். மூன்று முறை போதுமானதாக இருக்கும். கடைசியாக வடித்ததும் கலக்காத கூலண்ட் 2.8 லிட்டரை முதலில் ஊற்றுங்கள். பிறகு மட்டம் வரும்வரை காய்ச்சி வடித்த தண்ணீர். டொயோட்டாவுக்கு உரிய இளஞ்சிவப்பு வகையே போதும். பச்சையை அதோடு கலக்காதீர்கள், சில கலவைகள் கூழாகிவிடும். நிறம் மட்டும் உத்தரவாதம் இல்லை. டப்பாவில் எந்த வகை வண்டிக்கு என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓட்டி, மேல், கீழ் ஹோஸ்களைக் கையால் பிசைந்து காற்றுக்குமிழ்களை வெளியேற்றுங்கள். நீர்மட்டம் மேலெழத் தொடங்கியதும் மூடியை மாட்டி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். மறுநாள் காலை, தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது, மீண்டும் நிரப்புங்கள்.

இதோடு செலவில்லாத ஒரு வேலை: முன்னால் இருப்பது ஏசி கண்டென்சர், அதன் பின்னால்தான் ரேடியேட்டர். இரண்டுக்கும் இடையில் விரலளவு இடைவெளி. அதற்குள் புல்விதை, பூச்சி, டொங்காட் பக்கம் கரும்புக்காடு எரிக்கும் காலத்தில் பறக்கும் சாம்பல் எல்லாம் சேர்ந்து பஞ்சுமெத்தை மாதிரி ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி, தோட்டக் குழாயின் அழுத்தத்திலேயே கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் தகடுகளை மடக்கிவிடும். பிளஃப், மெர்பேங்க் போலக் கடலோரத்தில் நிறுத்தும் வண்டியானால் அந்த மெல்லிய தகடுகளை விரலால் உரசுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் உப்புக்காற்று தின்றுவிட்டது. அப்போது ரேடியேட்டர் மாற்றச் சொன்னவர் சொன்னது சரி. வண்டிக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஆயில் மாற்றும் இடங்களில் அது காணாமல் போவது வழக்கம். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் அடியில் நழுவிவிடும்.

இவ்வளவும் முடித்தபின் ரேடியேட்டரை விசாரிக்கலாம். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் அகச்சிவப்பு தெர்மாமீட்டரைக் காட்டி ரேடியேட்டர் முகத்தின் சூட்டை வரிசையாக அளந்து பாருங்கள். சூடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக இறங்க வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. பழைய பித்தளை ரேடியேட்டரைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டருக்கு அது சரிப்படாது, புதியதுதான். கம்பெனிப் பொருள் அல்லாத மலிவானது வாங்கினால் நடுப்பகுதியின் தடிமனைப் பழையதோடு ஸ்கேல் வைத்து ஒப்பிடுங்கள். மெலிந்தது வந்தால் டர்பனில் ஓடும், வான் ரீனனில் மறுபடி இதே கேள்வி வரும்.

வாட்டர் பம்ப்பை எட்டிப் பார்க்கவும் மறக்காதீர்கள். இந்த எஞ்சினில் அது கசிவதற்குப் பேர்போனது. கப்பிக்குப் பின்னால் இளஞ்சிவப்பு உப்புத் தடம் காய்ந்திருந்தால் அதுதான். கசிவை அடைக்கும் பொடியோ திரவமோ ரேடியேட்டருக்குள் ஊற்றும் யோசனை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அது ஓட்டையை மட்டும் தேடிப் போகாது, ஹீட்டரின் சின்னக் குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டதோ என்ற பயம் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முள் சிவப்பைத் தொட்ட வண்டிக்கு அதையும் சோதிப்பதே சரி. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குப்பியை வைத்து உறிஞ்சுவார்கள். எஞ்சினுக்குள் எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். வீட்டிலேயே ஓர் அறிகுறி உண்டு: காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்துக்குள், சூடு ஏறுவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அது நல்லதல்ல. அப்படியானால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ஹெட்டை இறக்கி, வளைவு அளந்து, தேவைப்பட்டால் ஸ்கிம் செய்து (பரப்பைச் சீவிச் சமமாக்கி), புது போல்ட்டோடு ஏற்ற வேண்டும். அதுவரை நெடும்பயணம் வேண்டாம்.

ஓட்டும் விதத்திலும் கொஞ்சம் கை இருக்கிறது. ஆறாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு 2,000 சுற்றில் முனகியபடி ஏற்றாதீர்கள். அந்தச் சுற்றில் வாட்டர் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். கியரை இறக்கி 3,000–3,500 சுற்றில், 80 வேகத்தில் இடது ஓரமாகப் போங்கள். டேஷ்போர்டு முள்ளை நம்பியிருக்காதீர்கள்: நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது அது, நகர ஆரம்பித்தாலே தாமதம். ஸ்டீயரிங்குக்குக் கீழேயுள்ள சாக்கெட்டில் செருகும் மலிவான புளூடூத் ஓபிடி கருவி (காரின் கம்ப்யூட்டரைப் படிப்பது), கூலண்ட் சூட்டை டிகிரியில் போனில் காட்டும். 90 முதல் 100 வரை ஒன்றும் பயமில்லை. 105 தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வைத்து ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் திட்டுவார்கள், பரவாயில்லை. 110 என்றால் நிறுத்த இடம் தேடுங்கள். நிறுத்தியதும் ஹீட்டரில் சூடான காற்று வந்துகொண்டிருந்தால் எஞ்சினை ஐடிலில் விடலாம், ஃபேன் சூட்டை இறக்கும். குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அந்த நொடியே அணைத்துவிடுங்கள். முக்கோணப் பலகையை 45 மீட்டர் பின்னால் வைத்து, எல்லாரும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். என்3 லாரிகளை நம்பிக் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். முக்கால் மணி நேரம் ஆகாமல் மூடியில் கை வைக்கக் கூடாது. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

93 பெட்ரோலுக்கு இதில் பங்கில்லை. மேட்டுநிலத்தில் காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத உங்கள் எஞ்சினுக்கு அங்கே 93 போதும். 95 போட்டாலும் சூடு குறையாது. திரும்பி வரும்போது மட்டும், 93 நிரம்பிய டேங்க்கோடு டர்பன் வரை இறங்காமல், கடைசியாக நிரப்புவதை 95 ஆக வைத்துக்கொள்ளுங்கள்.