வகுப்பறை, வார்டு, விடுதி: சென்னையில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயின்று, அங்கேயே பொது மருத்துவத் துறையில் நெடுநாள் கற்பித்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர், மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (மாணவி, செங்கம்): அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றிருக்கிறேன், மேடம். உடன் சேர்ந்தவர்கள் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். என்னால் ஈடுகொடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதல் சில மாதங்கள் கடினமாகவே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. 2020இல் நடைமுறைக்கு வந்த இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதால், பணக் கவலை பெருமளவு குறைகிறது; எஞ்சியிருப்பது மொழிக் கவலை. உடற்கூறியலில் வரும் பெயர்களில் பெரும்பாலானவை இலத்தீனும் கிரேக்கமும் என்பதால், அவை ஆங்கிலவழியில் படித்தவருக்கும் புதியவைதாம். உங்களுக்கு உண்மையில் இடறுவது அவற்றைக் கோத்து எழுதும் வாக்கியங்கள்தாம். அன்றைக்கு நடத்திய பாடத்திலிருந்து ஒரு வினாவுக்கேனும் அன்றிரவே விடை எழுதிப் பார்த்து, ஒரு சீனியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் குறுகிய வாக்கியங்களில் பதில் சொன்னால் போதும்; தேர்வாளர் அங்கே இலக்கணத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை.

வார்டுக்குச் சென்றபின் நிலைமை மாறும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரியாஸ்பத்திரிக்கு ஆரணியிலிருந்தும் செய்யாற்றிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வருகிறவர்கள், "காலு மதமதன்னு இருக்கு, டாக்டரம்மா" என்றுதான் தொடங்குவார்கள். அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பது, அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு எளிதில் பிடிபடும். சரளமாக ஆங்கிலம் பேசும் உங்கள் வகுப்புத் தோழர்களில் சிலர், நோயாளியிடம் விவரம் கேட்க அன்று உங்களை உதவிக்கு அழைப்பார்கள். மறுக்காமல் செல்லுங்கள்; பதிலுக்கு, நோயாளியின் விவரங்களைப் பதியும் கேஸ் ஷீட்டை எழுத அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (தந்தை, பெரம்பூர்): சீனியர்களை அண்ணா, அக்கா என்றே அழைக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்களாம். இது மரபா, ராகிங்கா?

பதில்: அண்ணா, அக்கா என்று அழைப்பதில் தவறில்லை. எலும்பு செட்டும் பழைய வினாத்தாள்களும் ஒரு பேட்சிடமிருந்து அடுத்த பேட்சுக்கு அந்த உறவின் வழியாகத்தான் கைமாறுகின்றன. ஆனால் சீனியரின் ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொல்வது, சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தபடி நிற்கச் சொல்வது, இரவில் அறைக்கு வரவழைப்பது எல்லாம் ராகிங்தான். "எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது" என்று அதற்குச் சொல்லப்படும் சமாதானத்தை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதை அடுத்தே, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. கல்லூரிக்குள் சொல்லத் தயக்கமாக இருந்தால், 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம்.

கேள்வி (மாணவர், தாம்பரம்): உடற்கூறியல் கூடத்தில் மயங்கி விழுந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயங்குபவர்களில் பலர் காலை உணவைத் தவிர்த்தவர்கள். முதல் வாரத்தில், உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கண்ணை எரிக்கும், பிறகு பழகிவிடும். உடலைத் தானமாகக் கொடுத்தவரையும், உரிமை கோர எவருமின்றி இறந்தவரையும் அந்த மேசையில் சந்திக்கிறீர்கள். ஆகவே படம் எடுக்கக் கூடாது, கேலி கூடாது, அன்று அறுக்காத பகுதியை மூடியே வைக்க வேண்டும். தொடக்கத்தில் எடுக்கும் உறுதிமொழியைச் சடங்காக எண்ணி முணுமுணுக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி (மூன்றாமாண்டு மாணவர், கீழ்ப்பாக்கம்): என் வகுப்பில் பலர் முதலாண்டிலிருந்தே முதுநிலை நீட் தேர்வுக்கான காணொளிகளைப் பார்க்கிறார்கள், வார்டுக்குப் போவது நேர விரயம் என்கிறார்கள். நான் பின்தங்கிவிடுவேனா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். 200 கொள்குறி வினாக்கள் கொண்ட ஒரு தேர்வு உங்கள் எதிர்காலத் துறையை முடிவு செய்யும்போது, அதைக் குறித்து அஞ்சாமல் இருங்கள் என்று அறிவுரை சொல்வது ஓய்வு பெற்ற எனக்கு எளிது. ஆகவே காணொளிகளைப் பாருங்கள். ஆனால் மாலையில் பாருங்கள். காலை நேரம் வார்டுக்கு உரியது. வகுப்புகளுக்கு 75 விழுக்காடும் செய்முறைக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவு வேண்டும் என்ற விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வீங்கிய மண்ணீரலின் விளிம்பு, நோயாளி மூச்சை இழுக்கும்போது விரல்நுனியில் வந்து தட்டுவதை எந்தத் திரையும் காட்டாது. அதை ஒருமுறை உணர்ந்தவர், அது தொடர்பான வினாவுக்கு விடையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் யூனிட், அதாவது நீங்கள் பயிலும் மருத்துவர் குழு, புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் மாலையிலும் செல்லுங்கள். நோயாளி வந்து சேரும் நேரத்தில் அருகில் இருந்து, மறுநாளும் அவரையே பார்த்து, வீடு திரும்பும் நாள்வரை தொடர்ந்தால், ஒரு நோயின் போக்கை முழுதாகக் கண்டவராவீர்கள். ஹவுஸ் சர்ஜன்கள் எனப்படும் பயிற்சி மருத்துவர்களுக்கு வேலைப்பளு மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் பார்க்கவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் முன்வருகிற மாணவருக்கு அவர்கள் மகிழ்ச்சியோடு கற்றுத் தருவார்கள். இந்த நகரில் இருக்கும் வாய்ப்புகளையும் எண்ணிப் பாருங்கள்: எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனையும் 1819இல் தொடங்கிய கண் மருத்துவமனையும் இருக்கின்றன, கீழ்ப்பாக்கத்தில் மனநலக் காப்பகம் இருக்கிறது. இவ்வளவும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்த ஊரில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

இன்னொன்று: பத்து மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஒரே வயிற்றை அழுத்தினால் அந்த மனிதருக்கு வலிக்கும். பெயரைக் கேளுங்கள், அனுமதி பெறுங்கள், திரையை இழுத்துவிடுங்கள். சாப்பாடு வரும் நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள்.

கேள்வி (தாய், அண்ணா நகர்): மகளுக்கு வரப்போகும் இரவுப் பணியை எண்ணிக் கவலைப்படுகிறேன்.

பதில்: 1875இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912இல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் பெற்றார். இன்று பல வகுப்புகளில் பெண்களே மிகுதி. இருந்தும் உங்கள் கவலை நியாயமானது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் முதுநிலை மாணவி ஒருவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்டார். உட்புறம் தாழிடக்கூடிய பணி அறை, வெளிச்சமுள்ள நடைபாதை, இரவுக் காவலர் ஆகிய மூன்றும் உள்ளனவா என்று மகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். இல்லையெனில் மாணவர்கள் சேர்ந்து எழுத்தில் கேட்கட்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்): முதலாண்டில் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன். விடுதி அறையை விட்டு வெளியே வரவே மனமில்லை.

பதில்: துணைத்தேர்வு இருக்கிறது. முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகளும், படிப்பை முடிக்க ஒன்பது ஆண்டுகளும் விதிகளே தருகின்றன. பள்ளியில் எப்போதும் முதலிடத்தில் இருந்தவர்களையே ஒரு வகுப்பில் சேர்த்தால், அவர்களுள்ளும் சிலர் கடைசியில் வரத்தானே செய்வார்கள்? தேர்வைவிட, வெளியே வர மனமில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்குக் கவலை தருகிறது. இன்றே ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குச் சென்று சாப்பிடுங்கள். தூக்கமின்மையோ வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணமோ இருந்தால், 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மனநல மருத்துவரைப் பார்த்ததால் எவருடைய பட்டமும் தடைப்பட்டதில்லை.

கேள்வி (மாணவி, வேளச்சேரி): வெள்ளைக் கோட்டு எத்தனை வாங்க வேண்டும்?

பதில்: சென்னை வியர்வைக்கு மூன்று. வார்டில் போட்டதைக் கழற்றாமல் கேன்டீனுக்கோ மின்சார ரயிலுக்கோ போகாதீர்கள். துவைக்கும்போதும் மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள்.