வாடகை அறைக்கு வைஃபை: கொடுங்கள், ஆனால் தனியாகக் கொடுங்கள்

வேலூரில் வீட்டின் ஒரு பகுதியைச் சில வாரங்களுக்கு வாடகைக்கு விடுபவர்களில் பலர், சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களை நம்பியே விடுகிறார்கள். வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து வருபவர்கள், ஊரில் விட்டுவந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதே வீடியோ அழைப்பில்தான். அவர்களுக்கு இணையம் கொடுக்காதீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் இந்த முறை வந்த கேள்விகளும்.

மாடி அறையில் தங்குபவர்களுக்கு எங்கள் வைஃபை பாஸ்வேர்டையே கொடுக்கிறோம். ஒரு நாள் கீழே எங்கள் டிவியில் திடீரென்று யாரோ பார்க்கும் வங்காள வீடியோ ஓடியது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா? – வாசகி, தோட்டப்பாளையம்

இல்லை. மாடியில் இருப்பவர் தன் மொபைலில் 'டிவியில் காட்டு' என்ற பொத்தானைத் தெரியாமல் தொட்டிருப்பார். ஒரே வைஃபையில் இருப்பதால் அவருடைய மொபைலுக்கு உங்கள் டிவி தெரிகிறது. டிவி தெரிகிறது என்றால் சிசிடிவி ரெக்கார்டரும் பிரிண்டரும்கூடத் தெரியும். கேமராவை மாட்டியவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு இன்னும் மாறாமல் இருந்தால், உங்கள் வாசலையும் கூடத்தையும் மாடியிலிருந்தே பார்க்க முடியும். வீடியோ ஓடியதை விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

ரௌட்டர் அமைப்புப் பக்கத்தில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறதா என்று பாருங்கள். வழிப்போக்கருக்குத் திண்ணையைக் கொடுத்து உள்வீட்டைத் தாழிடுவது போன்றது அது: இணையம் கிடைக்கும், உங்கள் கருவிகள் தெரியாது. அதற்குத் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வையுங்கள். டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்திவிடுங்கள்; அதன் எட்டு இலக்க எண்ணை எளிதில் உடைக்கலாம் என்பது 2011 முதலே தெரிந்த விஷயம். பிறகு உங்கள் மொபைலை கெஸ்ட் வைஃபையில் இணைத்து, கேமராவின் முகவரியையும் ரௌட்டரின் முகவரியையும் (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் திறந்து பாருங்கள். திறந்தால், பெயர்தான் கெஸ்ட். பிரிவு எதுவும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் நம்பிவிடாதீர்கள்.

எங்கள் மோடத்தில் கெஸ்ட் வசதி இல்லை. இன்னொரு ரௌட்டர் வாங்கி, மோடத்திலிருந்து கேபிள் இழுத்து மாடியில் வைத்துவிட்டேன். விருந்தினர்களுக்கு அதன் வைஃபை மட்டும்தான். சரிதானே? – வாசகர், காந்தி நகர், காட்பாடி

பலரும் செய்வது இதுதான். ஆனால் இது தலைகீழ் ஏற்பாடு. பின்னால் இருக்கும் மாடி ரௌட்டரிலிருந்து, இணையம் முதலில் வந்து சேரும் மோடத்தை, அதாவது முன்னால் இருப்பதை, எட்ட முடியும். முன்னாலிருந்து பின்னால் இருப்பதை எட்டுவதுதான் கடினம். உங்கள் மாடி விருந்தினர் இப்போதும் மோடத்தில் இணைந்துள்ள கம்ப்யூட்டரையும் கேமராவையும் தொட முடியும்.

இடம் மாற்றுங்கள். மோடத்தின் வைஃபை விருந்தினருக்கு. புது ரௌட்டர் உங்கள் குடும்பத்துக்கு. உங்கள் டிவி, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் புது ரௌட்டருக்கு மாற வேண்டும். அது 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் அல்லாமல் 'ரௌட்டர்' முறையில் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே வலையாகிவிடும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பழையது அச்சிட்டிருக்கும். ரீசெட் பொத்தானை ஒரு குச்சியால் அழுத்தினால் எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால், மோடத்தை விருந்தினர் கைக்கு எட்டாத இடத்தில், உங்கள் பூட்டுக்குள் வையுங்கள்.

கேபிளோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால், கெஸ்ட் வசதியுள்ள ரௌட்டர் ஒன்றை வாங்கி, மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். மாதா மாதம் அறை விடுபவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

தங்குபவர் ஏதாவது தவறு செய்தால் போலீஸ் என்னைத் தேடி வருமா? – வாசகர், கொசப்பேட்டை

முதல் விசாரணை, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. புலனாய்வாளர்கள் அவர் வீட்டுக்குத்தான் போனார்கள். பாஸ்வேர்டு இல்லாத வைஃபையை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள்.

யார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடையாள அட்டைக்கு, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகல் போதும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை, வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு.

கெஸ்ட் வைஃபையின் அமைப்பில், தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களும் தீங்கான தளங்களும் பெருமளவு தடைபடும். விவரம் தெரிந்தவர் அதைத் தாண்டிவிடுவார் என்றாலும், குழந்தைகள் தங்கும் அறைக்கு அது நல்லது. ஆனால் விருந்தினர் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்று நீங்கள் வேவு பார்க்கக் கூடாது. நோயோடு வந்தவர் தன் நோயைப் பற்றித்தான் தேடிக்கொண்டிருப்பார். அது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பாஸ்வேர்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? – வாசகி, சத்துவாச்சாரி

நாள் கணக்கு வேண்டாம். ஒரு குடும்பம் காலி செய்ததும் மாற்றுங்கள். கதவு எண், மொபைல் எண், ஊர்ப் பெயரோடு 123 ஆகியவை கூடாது. ஆங்கில எழுத்தில் தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களைச் சேர்த்தால் தட்டச்சு செய்வதும் எளிது. க்யூஆர் அட்டையாக அச்சிட்டு அறைக்குள் வைத்தால் மொழி தெரியாதவரும் இணைந்துகொள்வார்.

மணிக்கு இவ்வளவு என்று இணையத்துக்குத் தனிக் கட்டணம் வாங்கலாமா? – வாசகர், ராணிப்பேட்டை

வீட்டு இணைப்பை மறுவிற்பனை செய்ய நிறுவனங்களின் நிபந்தனைகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாடகையிலேயே சேர்த்துவிடுங்கள். இணையத்தையே தொழிலாக விற்க விரும்பினால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அதில் சிறு கடைக்காரரும் உரிமம் இல்லாமல் வைஃபை வழங்கலாம்.

அம்மாவின் சிகிச்சைக்காக ஒரு வீட்டில் தங்கியிருக்கிறோம். வீட்டுக்காரரின் வைஃபையில் வங்கிப் பணம் அனுப்பலாமா? – வாசகி, செங்கம்

அனுப்பலாம். வங்கிச் செயலிகள் தகவலை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. வீட்டுக்காரருக்கு உங்கள் கடவு எண் தெரியாது. 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். அறையில் இருக்கும் டிவியில் யூடியூப் போன்ற உங்கள் கணக்கைத் திறந்திருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் அதிலிருந்து வெளியேறிவிடுங்கள். அவசரத்தில் மறந்துவிட்டால், மொபைலில் உங்கள் கணக்கின் அமைப்புக்குள் போய் அந்த டிவியை நீக்கலாம்.