டிராக்டருக்கான சிவப்பு டீசலை டீசல் காரில் ஊற்றினால் என்ன ஆகும்?

வண்டி ஓடும். மாட்டினால் அபராதம்தான் பதம் பார்த்துவிடும்.

அமெரிக்காவில் சிவப்பு டீசல் என்றால் சாலையில் ஓடாத எந்திரங்களுக்கானது: டிராக்டர், பொக்லைன், ஜெனரேட்டர் மாதிரி. சாலை வரி இல்லாமல் விற்பதால் விலை குறைவு. சாதா டீசலுக்கு அங்கே மத்திய வரி மட்டும் கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 24.4 சென்ட், மாநில வரி தனி. மத்திய வரிப் பணம் கிட்டத்தட்ட முழுவதும் நெடுஞ்சாலை நிதிக்குப் போகிறது. வயலிலேயே கிடக்கும் டிராக்டர் எதற்குச் சாலைக்குக் காசு கட்ட வேண்டும்? நியாயம்தானே.

சரி, அதில் சிவப்புச் சாயம் எதற்கு? நம்ம ரேஷன் மண்ணெண்ணெய் நீலமாக இருக்குமே, அதே கதை. சலுகைச் சரக்கு வேறு பக்கம் போனால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். சோதிப்பவர் டேங்கில் குழாயை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, குப்பியில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மேலே சாதா டீசல் நிரப்பியிருந்தாலும் இளஞ்சிவப்பாகத் தெரியும். மத்திய அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது. மறுபடி சிக்கினால் இன்னும் ஏறும். 20 கேலன் டேங்கில் மிச்சமாகும் மத்திய வரியோ 5 டாலர்கூட இல்லை!

அப்புறம், சிவப்பு டீசல் மட்டமானது, எஞ்சினைக் கெடுக்கும் என்பார்கள். முன்பு அதில் கந்தகம் அதிகம் இருந்தது உண்மை. இப்போது அங்கே டிராக்டர் டீசலுக்கும் சாலை டீசலுக்கும் கந்தக வரம்பு ஒன்றேதான், 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு).