ஆய்வுக்கு அரசுப் பணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அறிவியல் ஆய்வுக்கு அரசு இன்னும் அதிகம் செலவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பலன் தெரியாத ஆய்வுக்கு மக்களின் வரிப்பணத்தை ஏன் கொட்ட வேண்டும்? லாபம் வருமென்றால் நிறுவனங்களே செய்துவிட்டுப் போகட்டுமே. கொடுத்தே ஆகவேண்டும் என்றாலும், வருடாவருடம் கணக்குப் பார்த்து, தேறாததை நிறுத்திவிடுவதுதானே பொறுப்பான அரசுக்கு அழகு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது உங்கள் உரிமை. எப்போது கேட்பது என்பதில்தான் நான் வேறுபடுகிறேன்.

1966இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் பாக்டீரியா தேடினார். பணம் கொடுத்தது அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. அவ்வளவு சூட்டில் எது பிழைக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. அங்கே கிடைத்த ஒரு பாக்டீரியாவின் நொதி சூட்டில் சிதையாது. மாதிரியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி, டிஎன்ஏவைப் பல கோடி மடங்கு பெருக்கும் பிசிஆர் முறை 1980களில் வந்தபோது, அதைச் சுலபமாக்கியது அந்த நொதிதான். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் சோதித்தார்களே, அதே பிசிஆர். அடுத்த வருடமே பலன் என்ன என்று கேட்டிருந்தால் பிராக்கிடம் பதில் இருந்திருக்காது. எப்போதோ, யாருக்கோ வரப்போகும் லாபத்துக்கு எந்த நிறுவனமும் பணம் போடாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

என்னை அதைவிடக் கவலைப்படுத்துவது நீங்கள் சொல்லும் அந்த வருடாந்திர நிறுத்தல். டெக்சாஸில் அமெரிக்கா ஒரு மாபெரும் துகள் மோதுவிப்பானைக் கட்டத் தொடங்கியது. அணுவைவிடச் சிறிய துகள்களை அதிவேகத்தில் மோதவிட்டு ஆராயும் இயந்திரம் அது. 20 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் தோண்டி, சுமார் 200 கோடி டாலர் கரைந்த பிறகு, 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதைக் கைவிட்டது. செலவு எகிறிக்கொண்டே போனது உண்மைதான். அதே மாதிரி இயந்திரத்தைக் கட்டிய ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலும் செலவு கூடியது, தாமதமும் ஆனது. ஆனால் அங்கே உறுப்பு நாடுகள் ஒப்பந்தப்படி, தேசிய வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் பங்கு கட்டுகின்றன. ஒரு நாட்டின் தேர்தல் முடிவு அதைக் கவிழ்த்துவிடாது. அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்க உதவும் ஹிக்ஸ் போசான் என்ற துகள் 2012இல் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது.

பணம் நின்றால் ஆய்வகத்திலிருந்து முதலில் போவது ஆள். தென்கொரியா 2024இல் ஆய்வு பட்ஜெட்டைச் சுமார் 15 சதவீதம் வெட்டிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மறு வருடமே திரும்ப ஏற்றியது. தொகை திரும்பும், சரி. உதவித்தொகை இல்லாமல் வேறு வேலைக்குப் போன ஆராய்ச்சி மாணவர் திரும்புவாரா? எந்தக் கருவி எப்போது தகராறு செய்யும், வளர்க்கும் செல்களுக்கு எப்போது ஊட்டம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத்தான் தெரியும். எழுதிவைத்துவிட்டுப் போகிற அறிவு இல்லை அது.

குறிப்பிட்ட பொருளைச் செய்து தரும் திட்டமென்றால் கட்டம் கட்டமாகக் கணக்குக் கேட்கலாம், நிறுத்தவும் செய்யலாம். அடிப்படை ஆய்வுக்கு ஐந்து வருடத்துக்காவது பணத்தை உறுதிசெய்துவிட்டு, முடிவில் அந்தத் துறை தெரிந்தவர்களைக் கொண்டு கறாராக மதிப்பிடட்டும். அப்புறம், பட்ஜெட்டில் அறிவித்த தொகையில் எவ்வளவு, எந்த மாதம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது? இந்தக் கணக்கை வருடாவருடம் அரசிடம் கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.