வேதபாடம் வாசித்தவர்

மதிப்பிற்குரிய ஐயா,

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற எங்கள் பேராசிரியர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். உங்களுக்கும் அவரைத் தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் சபையில் பல வருடங்களாக அங்கத்தினர். சபை இதழுக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். அறிவியல் படித்த ஒருவர் இவ்வளவு பக்தியாக இருந்ததை எப்படி விளக்குவது? சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியோடு அவர் போட்ட சண்டைகளை எழுதலாமா? எந்தப் படம் போடலாம்? அடக்க ஆராதனையில் எல்லாரும் ‘எளிமையானவர், அன்பானவர்’ என்றே பேசினார்கள். பைபிளில் மரித்தோர் உயிர்த்தெழுவதைச் சொல்லும் 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தை ஒரு தம்பி மொபைலைப் பார்த்துக் கடகடவென்று வாசித்துவிட்டு இறங்கிவிட்டார். ஒன்றும் காதில் விழவில்லை.

ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்

அன்புள்ள சகோதரி,

அறிவியலும் பக்தியும் என்கிற கேள்வியைத் தயவுசெய்து கட்டுரையில் வைக்காதீர்கள். தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1837-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது அந்தக் கல்லூரி. 1937-ல் பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. இன்று நாம் காடு என்று பெருமைப்படும் அந்த வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ். சோதனைக்கூடமும் சர்ச்சும் அங்கே ஒரே வீட்டின் இரண்டு அறைகள். சார் இரண்டிலும் இருந்தார். அவ்வளவுதான், விளக்க ஒன்றுமில்லை.

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, காதில் விழாத வேதபாடம், உங்கள் கட்டுரை அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு என்னிடம் படத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

எனக்கு அந்த மதம் கிடையாது. சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் பிரியாணி கிடைக்கும் என்று ஹாஸ்டலில் அறைத்தோழன் இழுத்துக்கொண்டு போனான். அப்புறம் சார் வாசிப்பதைக் கேட்பதற்காகவே சில ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். ஒரு தடவை ரோமர் 16. அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், முடிவில் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லி வாழ்த்து அனுப்புகிற அதிகாரம். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, திரிபேனாள், திரிபோசாள் என்று போகும். யாராக இருந்தாலும் முணுமுணுத்துத் தாண்டிவிடுகிற பகுதி அது. சார் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து வாசித்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து “பிரசன்ட் சார்” சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன்.

அந்த நிருபங்கள் தனியாக உட்கார்ந்து கண்ணால் மேய்வதற்கு எழுதப்பட்டவை அல்ல. கொலோசெயருக்கு எழுதும்போது, உங்களிடத்தில் வாசித்த பிறகு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்கிறார் பவுல். ஒருவர் வாசிக்க ஊரே கேட்கும். பழைய ஏற்பாட்டில் நெகேமியா புத்தகத்தில் வேதபாரகன் எஸ்றா மரப் பிரசங்கபீடத்தின்மேல் நின்று காலை தொடங்கி மத்தியானம் வரை வாசிக்கிறார், ஜனங்கள் நின்றபடி கேட்கிறார்கள். இது சர்ச் சமாசாரம் மட்டுமில்லை. நம் ஊர் டீக்கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்க, எழுத்து தெரியாத பத்துப் பேர் அரசியல் கற்றுக்கொண்டார்கள். இன்று எம்.ஏ. படித்தவரிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கமாவும் தெரியாது, மூச்சும் தெரியாது. தப்பு மொபைலின் மேல் இல்லை. அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்தாலும் அந்தத் தம்பி அப்படித்தான் வாசித்திருப்பார். யாரும் அவரை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சார் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் வாசிக்க வேண்டிய பையன்களைச் சனிக்கிழமை சாயங்காலம் காலி சர்ச்சுக்கு வரச் சொல்வார். மின்விசிறி எல்லாவற்றையும் போடச் சொல்வார், ஞாயிற்றுக்கிழமை அவை ஓடுமே. இவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். மூச்சு விடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னக் கோடு. விழுங்கிவிட்டால் திரும்ப முதலிலிருந்து. அழுதவர்களும் உண்டு. இவரைப் போய் எளிமையானவர், அன்பானவர் என்று இரண்டு வார்த்தையில் மூடிவிட்டார்களாக்கும்!

அதே 1 கொரிந்தியர் 15-ஐ அவர் வாசித்தும் கேட்டிருக்கிறேன், எங்கள் ஹாஸ்டல் சமையற்காரருடைய அடக்கத்தில். “மரணமே! உன் கூர் எங்கே?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பாரே, அதே நிறுத்தம்தான். சங்கடமாக இருக்கிற அளவுக்கு நீண்டது. சமையற்காரரின் மனைவி தலை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் “பாதாளமே! உன் ஜெயம் எங்கே?” இயற்பியல் வாத்தியார் மரணத்தை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்டார் என்று அறைத்தோழன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

இதை எழுதுங்கள். சனிக்கிழமைப் பையன்களில் இப்போது ஐம்பது அறுபது வயதானவர்கள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள். போய்க் கேளுங்கள். கோடு போட்ட அந்த வேதாகமம் யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள், பழைய பேப்பர்காரரிடம் போவதற்குள்.

கமிட்டிச் சண்டையா? தாராளமாக எழுதலாம். வெட்டிவிட்டால் எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். படம் உங்கள் இஷ்டம். கோட்டும் டையும் போட்ட ஸ்டூடியோ படம் மட்டும் வேண்டாம், அதில் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார்.